துப்பாக்கி கடைசியில்: கொலராடோ மலையில் எல்க் வேட்டைக்கு எதற்குக் காசு செலவழிக்கலாம்

எல்க் என்பது வட அமெரிக்கக் காடுகளில் வாழும் பெரிய மான். "எல்க் வேட்டைக்குப் போகலாம் என்று இருக்கிறேன், என்ன துப்பாக்கி வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள் என்று நான் சொன்னதும் முகம் கொஞ்சம் வாடிவிடும். ஆனால் வேலையை வரிசையாக நினைத்துப் பாருங்கள். விசையை இழுக்க ஒரு நொடி போதும். அதற்கு முன்னால் நாள் கணக்கில் ஏற வேண்டும், உட்கார்ந்து பார்க்க வேண்டும், உறைபனியில் தூங்கி எழ வேண்டும். அதற்குப் பின்னால் வருவதுதான் பெரிய வேலை. நன்கு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கிவிட்டாலும் 80, 100 கிலோ கறி தேறும். அத்தனையும் உங்கள் முதுகில்தான் வண்டிக்கு வர வேண்டும்.

ஏன் முதுகு, ஒரு தள்ளுவண்டி போதாதா என்று கேட்கலாம். நான் போவது பெரும்பாலும் ஃபிளாட் டாப்ஸ் பக்கம், மீக்கர் ஊருக்குக் கிழக்கே. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வனாந்தரப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் அது. இஞ்சின் கூடாது என்பதோடு விடவில்லை, சைக்கிள் கூடாது, ஒற்றைச் சக்கரக் கைவண்டிகூடக் கூடாது. கால் அல்லது குதிரை, இரண்டே வழி. குதிரைக்காரரை அமர்த்திக் கறியை இறக்கலாம், பணம் ஆகும். என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரனுக்குக் கால்தான்.

நான் கம்பத்துக்காரன், இப்போது டென்வர் பக்கம் குடியிருக்கிறேன். நம் நாட்டில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை என்பதே பழைய கதை. இங்கே முறையே வேறு. 1937 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனி வரி போட்டு, அந்தப் பணத்தை வனவிலங்குப் பராமரிப்புக்குக் கொடுக்கிறார்கள். எத்தனை விலங்கு, எந்தப் பகுதி, எந்த வாரம் என்று அரசே கணக்கிட்டு டேக், அதாவது வேட்டைக்கான அனுமதிச் சீட்டு, கொடுக்கிறது. எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், மின்கம்பம் ஏறி வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் ஆசைப்பட்டுக் காட்டிய பொருள் ஒவ்வொன்றுக்கும் அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? கீழே வருவதெல்லாம் அந்தக் கேள்வியைத் தாண்டி வந்தவை.

காலும் முதுகும்

நடைப்பயணத்துக்கு வாங்கிய துணி ஷூவில் 30 கிலோ சுமையோடு பாதையே இல்லாத சரிவில் இறங்கினால் கணுக்கால் மடங்கும். கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸ், வளையாத தடித்த அடி, இரண்டும் வேண்டும். நான் போடுவது கெனெட்ரெக் மவுண்டன் எக்ஸ்ட்ரீம், 400 கிராம் குளிர்காப்பு வைத்தது. அக்டோபர், நவம்பர் ரைஃபிள் சீசனுக்கு அது சரி. செப்டம்பரில் வில் வேட்டைக்குப் போகிறவர்கள் காப்பு இல்லாததை எடுக்கலாம், இல்லாவிட்டால் கால் வெந்துவிடும். கிரிஸ்பி, லோவா இரண்டும் நல்லவை. நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம், அதனால் இணையத்தில் பார்த்து வாங்காமல் மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். 500 டாலர் ஆகும். கோடை முழுக்கப் போட்டுப் பழக்கிவிட்டுத்தான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாக்ஸ் மெரினோ கம்பளியாக இருக்கட்டும். டார்ன் டஃப் கிழிந்தால் புதிது கொடுத்துவிடுகிறார்கள், ஆயுளுக்கும் உத்தரவாதம். குதிகாலில் சூடு தெரிந்த உடனே, கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல், லியூகோடேப் என்ற ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். முழுச் சுருளையும் சுமக்க வேண்டாம், லைட்டர் மேல் கொஞ்சம் சுற்றி வைத்துக்கொண்டால் போதும்.

பைதான் என் பட்டியலில் முதலிடம். சாதாரண டிரெக்கிங் பைக்கும் வேட்டைப் பைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வேட்டைப் பையில் முதுகுச் சட்டகம் தனி, பை தனி. இரண்டையும் இணைக்கும் பட்டைகளைத் தளர்த்தினால் நடுவில் ஓர் இடைவெளி திறக்கும். கறி அங்கே போகிறது, முதுகை ஒட்டி. கூடாரம், துணிமணி எல்லாம் வெளிப்பக்கப் பையில் அப்படியே இருக்கும். கனம் முதுகை விட்டு விலக விலக உங்களைப் பின்னால் இழுக்கும், ஒட்டியிருந்தால் இழுக்காது. எக்ஸோ, ஸ்டோன் கிளேசியர், கிஃபாரு, மிஸ்டரி ராஞ்ச் என்று நான்கைந்து பெயர்கள் அடிபடும். எல்லாமே நல்லவை, எல்லாமே விலை. 600 டாலருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது எக்ஸோ. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, என் முதுகு நீளத்துக்கு அது பொருந்தியது. உங்களுக்கு வேறு பொருந்தலாம்.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இந்தியக் கடையில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை எல்லார் வீட்டிலும் இருக்கும். இரண்டு மூட்டையைச் சட்டகத்துக்கும் பைக்கும் நடுவில் வைத்துக் கட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டை, இடுப்பெலும்பின் மேட்டுக்கு மேல் பாதி, கீழ்ப் பாதி இருக்கும்படி இறுக்குங்கள். அப்புறம் தோள்பட்டை. கடைசியில் தோளுக்கு மேலே இருந்து சட்டகத்துக்குப் போகும் சிறு பட்டைகள். அவற்றை இழுத்ததும் தோளிலிருந்து கனம் எழும்பி இடுப்புக்குப் போவது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சட்டகத்தின் உயரம் உங்களுக்குப் போதவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெரிந்தால் மூன்றாவது மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தெருவில் ஒரு மணி நேரம் நடங்கள். எங்கள் தெருவில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பழகிவிட்டது.

கூடவே இரண்டு ஊன்றுகோல். கார்பன் இலேசுதான், ஆனால் பாறை இடுக்கில் மாட்டினால் பட்டென்று முறியும். அலுமினியம் வளையும், நிமிர்த்திக்கொள்ளலாம்.

கத்தி, கறிப்பை

இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு குறைவு, பலன் அதிகம்.

எல்க்கின் உடம்பு பெரியது, தோல் தடித்தது, அக்டோபரில் ரோமமும் அடர்ந்திருக்கும். செத்த பிறகும் உள்ளே சூடு இறங்காது. வெளியே பனி கிடந்தாலும் பின்தொடையின் எலும்பை ஒட்டிய கறி அழுகத் தொடங்கிவிடும். ஆகவே தோலை உரித்து, துண்டாக்கி, காற்றுப்படும்படி தொங்கவிடுவது அவசர வேலை.

வயிற்றைத் திறக்காமலே முழுக் கறியையும் எடுக்கும் முறை ஒன்று உண்டு, தனியாகப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி, முதுகுத்தண்டின் மேல் நீளமாகக் கீறித் தோலை வயிற்றுப் பக்கம் உரித்துக்கொண்டே வாருங்கள். முன்சப்பை உடம்போடு எலும்பால் இணைந்திருக்கவில்லை, வெறும் தசைதான். காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் கத்தியை ஓட்டினால் கழன்று கையில் வரும். பின்தொடைக்குத்தான் நிதானம் வேண்டும். இடுப்பெலும்பை ஒட்டியே கத்தி போக வேண்டும், எலும்பு உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் பாதை சரி. உள்ளே பந்துமூட்டு தெரியும். கோழித் தொடையை இடுப்பிலிருந்து பிரிப்பது போலத்தான், அளவுதான் பெரிது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வைக் கீறி நடுவில் இருக்கும் நாரை வெட்டினால் மொத்தத் தொடையும் சாய்ந்துவிடும். எலும்போடு 25, 30 கிலோ கனக்கும். தனியாக இருந்தால் காலை முதலில் கயிற்றால் ஒரு மரத்தில் இழுத்துக் கட்டிவிடுங்கள், கயிறு உங்கள் துணையாள். அப்புறம் முதுகுக்கறி, கழுத்துக்கறி, விலா நடுவில் உள்ளது. பிறகு மறுபக்கம் புரட்டி அதே வேலை. முதுகெலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் மெல்லிய துண்டை விட்டுவிடாதீர்கள். கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டால் விரலுக்குத் தட்டுப்படும். அன்று இரவு உப்பும் மிளகுத்தூளும் தூவி வாட்ட அதைவிட நல்ல கறி கிடையாது.

இதற்கு நான் வைத்திருப்பது ஹாவலான் பிராண்டா கத்தி. அலகை மாற்றிக்கொள்ளலாம், சவர பிளேடுக் கூர்மை. ஒரு எல்க்குக்கு மூன்று நான்கு அலகு செலவாகும், சாணை பிடிக்கும் வேலை இல்லை. ஆனால் அலகு மெல்லியது, மூட்டில் நெம்பினால் உடையும். உடைந்த துண்டு கறிக்குள் போய்விட்டால் தேடி எடுக்காமல் நகரக்கூடாது. எனவே மூட்டு வேலைக்கு ஒரு சாதாரண மோரா கத்தி, 20 டாலர் சமாச்சாரம், கூடவே வரும். ஹாவலான் அலகை வெறும் கையால் மாற்றவே மாற்றாதீர்கள், விரல் நனைந்து வழுக்கும்போதுதான் அது சதையைத் தேடும். சின்னக் குறடு ஒன்று போதும். பழைய அலகுகளைக் காட்டில் போடாமல் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கறிப்பைக்குப் பல கடைகளில் 15 டாலருக்கு வலைத்துணி உறை விற்கிறார்கள். அதன் கண் பெரியது, ஈ வெளியில் உட்கார்ந்தே முட்டையிட்டுவிடும். நெருக்கமாக நெய்த செயற்கை இழைப் பை வாங்குங்கள். கேரிபூ கியர் பைகள் எனக்குப் பிடித்தவை. ரத்தம் வடிந்து காற்றும் புகும், ஈ புகாது. துவைத்தால் வருஷக்கணக்கில் வரும். நான்கு காலுக்கு நான்கு, மீதிக் கறிக்கு ஒன்று, ஐந்து பை. நிழலில், தண்ணீர் ஓடும் ஓடையின் மேல் குளிர்ந்த காற்று வரும் இடமாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள், கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி. கொலராடோவில் இருப்பது கருங்கரடி மட்டும்தான், ஆனால் அதற்கும் கறி பிடிக்கும்.

இரண்டு சட்ட விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கத்தி பிடிக்கும் நேரத்தில்தான் அவை மறக்கும். டேக்கில் கையெழுத்தும் தேதியும் போட்டு உடலோடு கட்ட வேண்டும். அதற்கு ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் பையில் இருக்கட்டும். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு, ஏதாவது ஒரு துண்டோடு இயற்கையாக ஒட்டியபடியே வண்டிக்கும் வீட்டுக்கும் வர வேண்டும். பின்தொடை ஒன்றில் விதையை விட்டுவைப்பது வழக்கம்.

கண்

மலையில் புதியவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், பழகியவர்கள் உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். உட்கார்ந்து பார்க்கத்தான் பைனாகுலர். 10×42 என்றால் பத்து மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 42 மி.மீ. 42-ஐப் பத்தால் வகுத்தால் 4.2 மி.மீ. வெளிச்ச வட்டம் கண்ணுக்கு வருகிறது. எல்க் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும், அந்த மங்கலில் இந்த எண்ணும் கண்ணாடியின் தரமும்தான் பேசும். பன்னிரண்டு மடங்கு வாங்கினால் பெரிதாகத் தெரியும், கையில் ஆடவும் ஆடும்.

விலை 300 டாலரிலிருந்து 3000 வரை போகும். சுவரோவ்ஸ்கி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் பைனாகுலர் பிடிக்காமல் போகும், அதனால் நண்பர் நீட்டினாலும் வாங்கிப் பார்க்காதீர்கள். நான் பயன்படுத்துவது வோர்டெக்ஸின் நடுத்தர வகை. உடைந்தால் ரசீதுகூடக் கேட்காமல் சரிசெய்து கொடுக்கிறார்கள். ஆயிரம் டாலர் கையில் இருந்தால் முழுதையும் கண்ணாடியில் போடாமல் 600-ஐ அதற்கும் மீதியை ஒரு நல்ல டிரைபாடுக்கும் கொடுங்கள். இதுதான் இந்தப் பகுதியில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது.

கையில் பிடித்துப் பார்க்கும்போது நம் நாடித்துடிப்பே படத்தை ஆட்டுகிறது. ஆடும் படத்தில் அசைவு தெரியாது. டிரைபாடில் மாட்டிவிட்டால் எதிர்ச்சரிவு உறைந்து நிற்கும், அப்போது அசைகிறது எதுவானாலும் கண்ணில் படும். சரிவை இடமிருந்து வலம், ஒரு அகலம் கீழே இறங்கி வலமிருந்து இடம் என்று உழுதுகொண்டே வாருங்கள். முழு எல்க்கைத் தேடாதீர்கள். செங்குத்தான மரங்களுக்கு நடுவில் ஒரு கிடைக்கோடு தெரிந்தால் நின்று பாருங்கள், அது முதுகாக இருக்கலாம். வெளிர் மஞ்சளாக ஒரு திட்டு, அது பிட்டம். கருத்த கழுத்து, வெளிறிய உடம்பு. பல நேரம் பத்து நிமிடம் முன்பு பார்த்து வெறுமையாக இருந்த அதே புல்வெளியில் மூன்று பெண் எல்க் நிற்கும். எங்கிருந்தோ வரவில்லை, படுத்திருந்தவை எழுந்திருக்கின்றன.

மார்பில் மாட்டும் பைனாகுலர் உறை வேண்டும், கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டால் பிற்பகலுக்குள் பிடரி போய்விடும். அந்த உறையின் பக்கப் பையிலேயே காற்றுப் பார்க்கும் பவுடர் டப்பா. வாசனை இல்லாத பவுடராக இருக்கட்டும். நம் குட்டிக்கூரா வாசனைக்கு மந்தையே மலையைத் தாண்டிப் போய்விடும். விடியலில் குளிர்காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் திசை மாறி மேலே போகும். இந்த மாற்றத்துக்கு முன்னால் மந்தைக்கு மேலே இருக்கக்கூடாது, மாறிய பின் கீழே இருக்கக்கூடாது என்று எல்லாம் யோசித்தாலும், பாறை இடுக்குகளில் காற்று தன் இஷ்டத்துக்குச் சுழலும். டப்பாவை அழுத்தி, பவுடர் போகும் பக்கத்தைப் பாருங்கள், அதுதான் உண்மை.

குளிரும் தூக்கமும்

பருத்தி எதுவும் வேண்டாம், பனியனும் ஜட்டியும் உட்பட. வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெரினோ, நடுவில் ஒரு ஃபிளீஸ், உட்கார்ந்து பார்க்கும்போது போட ஒரு பருத்த பஃபி ஜாக்கெட், மேலே மழைக்கோட்டு. காட்டுப் படம் போட்ட வேட்டை உடைக்கு இரட்டை விலை கொடுக்க அவசியமில்லை. ரைஃபிள் சீசனில் எப்படியும் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது ரோஸ் நிறமும், அதே நிறத்தில் தொப்பியும் கட்டாயம். இலை படம் கலந்த ஆரஞ்சு கணக்கில் சேராது. கறி சுமந்து வரும்போது பை உங்கள் ஆரஞ்சு மேலாடையை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள், மூட்டையின் மேலும் ஒரு ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். கொம்பைத் தோளில் ஏற்றி நடப்பவர் தூரத்திலிருந்து மனிதராகத் தெரிய வேண்டும்.

அக்டோபர் இரவில் 10,000 அடியில் மைனஸ் 10 டிகிரி சாதாரணம். தூக்கப்பையின் உறையில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பல சமயம் தாக்குப்பிடிக்கும் எல்லைதான். நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை என்று இன்னொரு எண் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். சூடு கீழ்ப்பக்கமாகத்தான் அதிகம் போகும், ஆகவே பாயின் ஆர் மதிப்பு, அதாவது சூடு போகாமல் தடுக்கும் அளவு, முக்கியம். இரண்டு பாயை அடுக்கினால் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம். 2 கொண்ட மடக்கு நுரைப்பாய் ஒன்று, அதன்மேல் 4 கொண்ட காற்றுப்பாய் ஒன்று, ஆக 6. இந்த ஜோடி ஒரே உயர்ரகப் பாயைவிட மலிவு. மேல்பாய் ஓட்டையானாலும் கீழ்ப்பாய் இருக்கும். பகலில் உட்கார்ந்து பார்க்க நுரைப்பாய் ஆசனம்.

கூடாரத்தில் எனக்கு ஒரு ஆடம்பரம் உண்டு. சீக் அவுட்சைட் என்று கிராண்ட் ஜங்ஷன் ஊர்க் கம்பெனி, அடியில் தரை இல்லாத கூம்புக் கூடாரமும் மடித்துச் சுருட்டும் டைட்டானியம் அடுப்பும் செய்கிறார்கள். நனைந்த சாக்ஸ் காயும், அதற்காகவே கொடுத்த காசு தகும். தூங்கும்முன் நெருப்பை அணையவிட்டு, மேல்துவாரத்தைத் திறந்து வையுங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சோறு

பத்தாயிரம் அடியில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது கொதிக்கும், அரிசி சீக்கிரம் வேகாது. துவரம்பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். குக்கர் சுமக்க முடியாது. அதனால் வேகவைக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். சாம்பார் சாதத்தைக் குழைய வேகவைத்து, நெய்யோ எண்ணெயோ சேர்க்காமல், உலர்த்தும் இயந்திரத்தில் தட்டையாகப் பரப்பி மொறுமொறுவென்று ஆகும்வரை காயவிடுங்கள். கொழுப்பு சேர்ந்தால் சிக்கு வாடை வரும். மலையில் கொதிநீர் ஊற்றி, பஃபி ஜாக்கெட்டுக்குள் சுற்றி இருபது நிமிடம் வைத்துவிட்டு, தனியாகக் கொண்டுபோன நெய்யை அப்போது ஊற்றிக்கொள்ளுங்கள். அவல், வறுத்த ரவை இரண்டும் எளிது. பகலுக்குக் கடலை மிட்டாய், முந்திரி, பேரீச்சை. கடையில் விற்கும் உலர்உணவுப் பாக்கெட்டுகள் மோசமில்லை, மூன்றாம் நாள் எல்லாம் ஒரே ருசியாகிவிடும்.

காஸ் உருளை குளிரில் சோர்ந்துபோகும், இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாயர் தண்ணீர் வடிகட்டியையும் அப்படியே. அதன் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்கள் ஒருமுறை உறைந்தால் வெடித்துவிடும், வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடுங்குளிரில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் சொட்டு மருந்துதான் நம்பகம்.

கூப்பிட ஒரு வழி

கார்மின் இன்ரீச் மினி. இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் சின்னச் செய்தி அனுப்பும், ஆபத்தென்றால் ஒரு பொத்தான். மாதச் சந்தா உண்டு, சீசனுக்கு மட்டும் எடுக்கலாம். ஐபோன் 14-இலிருந்து போனிலேயே செயற்கைக்கோள் அவசர அழைப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. குளிரில் போன் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். தவிர, என் மனைவிக்கு அவசர அழைப்பைப் பற்றி அக்கறையில்லை, இரவு எட்டு மணிக்கு "சாப்பிட்டேன், கூடாரத்தில் இருக்கிறேன்" என்று செய்தி வந்தால் போதும். இந்த ஒரு பொருளுக்கு வீட்டில் எதிர்ப்பே வராது.

எது பொது நிலம், எது தனியார் நிலம் என்று காட்டும் ஆன்எக்ஸ் செயலிக்கும் காசு கொடுக்கலாம். வண்டியை நிறுத்துமுன் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

இப்போது துப்பாக்கி

கையில் ஏற்கெனவே .308 அல்லது .30-06 தோட்டா போடும் துப்பாக்கி இருந்தால் புதிது வேண்டாம். .30-06 என்ற தோட்டா 1906-இல் வந்தது, அன்றிலிருந்து எல்க்கை வீழ்த்திக்கொண்டுதான் இருக்கிறது. 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் தூரம் போகும், தோளையும் கொஞ்சம் இடிக்கும். இடிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடும் மேக்னத்தைவிட, பழகிய .308 மேல். கொலராடோவில் எல்க்குக்கு .24 காலிபருக்குக் (அங்குலத்தில் குழல் விட்டம்) குறையக்கூடாது, குண்டின் எடை குறைந்தது 85 கிரெய்ன், பட்டதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். புதிதாகவே வாங்குவதென்றால் டிக்கா டி3எக்ஸ் லைட். பின்லாந்தில் சாக்கோ தொழிற்சாலையில் செய்வது, ஸ்கோப் இல்லாமல் ஏறக்குறைய 3 கிலோ, பெட்டியிலிருந்து எடுத்ததுமே குறி நிற்கும். தோட்டாவில் செம்புக் குண்டு, பார்ன்ஸ் போன்றவை. ஈயம் பட்டதும் சிதறிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கறியில் பரவும், வீட்டில் பிள்ளைகள் சாப்பிடப்போகும் கறி அது.

மிச்சக் காசையெல்லாம் தோட்டா வாங்கிப் பயிற்சிக்கே செலவிடுங்கள். மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடுவது பயிற்சியில்லை. உட்கார்ந்து, பையின் மேல் சாய்த்து, மூச்சிரைக்க ஓடிவந்து சுட்டுப் பாருங்கள். அப்படிச் சுட்டு ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. எனக்கு 300 கெஜம், அதற்கு மேல் கிட்டே போகப் பார்ப்பேன், முடியாவிட்டால் விட்டுவிடுவேன்.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: கூட்டாட்சிச் சட்டப்படி உங்கள் கையில் துப்பாக்கி இருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. குடியுரிமை விண்ணப்பம் வரை தொடரக்கூடிய விஷயம், ஒரு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த அட்டை காட்ட வேண்டும், வேறு மாநிலத்து அட்டையும் செல்லும்.

வாங்க வேண்டாதவை

நாற்றம் போக்கும் ஸ்பிரே வேண்டாம், காற்று எதிர்ப்பக்கம் இருந்தால் அது தேவையில்லை, உங்கள் பக்கமிருந்து அடித்தால் அது உதவாது. பெரிய ரம்பக் கத்தி, கோடாலி வேண்டாம், மேலே சொன்ன முறையில் எலும்பு எதையும் அறுப்பதில்லை. டிரோன் பறக்கவிட்டு விலங்கு தேடுவது இங்கே சட்டவிரோதம். 400 டாலர் கூலர் பெட்டியும் அவசியமில்லை. வண்டியில் சாதாரணப் பெட்டி இரண்டு, பால் கேனில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து உள்ளே போட்டு மூடிவையுங்கள், ஒரு வாரம் கழித்தும் பாதி பனிக்கட்டி இருக்கும். கறியை ஈரத்தில் ஊறவிடாமல் கீழ்த்துவாரத்தைத் திறந்து வையுங்கள்.

டெக்சாஸிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ வருகிறவர்களுக்கு இன்னொன்று. மான் வகைகளுக்கு மூளையைத் தாக்கும் இளைப்பு நோய் ஒன்று உண்டு, 1960-களின் கடைசியில் இதே கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில்தான் முதலில் கவனித்தார்கள். மாநிலத் துறை தலையை வாங்கிப் பரிசோதித்துச் சொல்லும், சில பகுதிகளில் அது கட்டாயம். நோய் இருப்பதாக முடிவு வந்தால் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை, அதனால் முடிவு வரும்வரை அந்தக் கறியைத் தனிப் பெயர் எழுதி உறையவையுங்கள். மூளையும் தண்டுவடமும் தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று பல மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன. கறியை எலும்பு நீக்கிக் கொண்டுபோங்கள். கொம்பு மேல் ஆசை இருந்தால், மண்டையோட்டை முழுக்கச் சுத்தம் செய்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.